கைத்துப்பாக்கிக் குழலில் காரீயப் படிவைக் குறைத்தல்: அளவிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

வார்ப்புக் குண்டுகளைச் சுடும் கைத்துப்பாக்கியின் குழலில் காரீயம் படியத் தொடங்கியதும், பெரும்பாலானோர் முதலில் குறை சொல்வது உலோகக் கலவையைத்தான். குண்டு மென்மையாக இருப்பதால் குழலில் தேய்ந்து ஒட்டிக்கொள்கிறது என்று எண்ணி, கலவையில் காரீயத்தைக் கடினமாக்கும் ஆன்டிமனி உலோகத்தைக் கூட்டுகிறார்கள், அல்லது கடின வார்ப்பு என்ற பெயரில் கடையில் விற்கும் குண்டுகளை வாங்குகிறார்கள். அதன் பிறகும் படிவு குறைவதில்லை, சில நேரங்களில் முன்னைவிட மோசமாகிறது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் அச்சுக்கருவிப் பட்டறையில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்பதால், நான் இதை அளவு சார்ந்த சிக்கலாகவே அணுகுகிறேன். குண்டு, குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டப்பட்ட பள்ளங்களைச் சுற்றிலும் அடைக்கிறதா என்பதற்கு விடை தெரியும் வரை கலவையையோ மசகையோ மாற்றுவதில் பயனில்லை என்பதே என் உறுதியான கருத்து. இந்த வழிகாட்டியின் வரிசையும் அதையொட்டியே அமைந்துள்ளது.

சட்டத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது குற்றம். உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதும் குற்றம். சுடும் உரிமம் இருக்கிறது என்பதற்காக வீட்டில் தோட்டா நிரப்பலாம் என்று இங்குள்ள எவரும் எண்ணிவிடக் கூடாது. தோட்டா நிரப்புவதைப் பற்றி நான் எழுதுபவை, அதைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் குடியேறி, உரிய தகுதியோடு இப்பொழுதுபோக்கில் ஈடுபட்டிருக்கும் நம்மவர்களுக்கானவை. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ உரிமம் பெற்ற கழகத்தில் சுடுபவர்களுக்குக் குழலைச் சோதிப்பது, துடைப்பது, காரீய நச்சிலிருந்து காத்துக்கொள்வது ஆகிய பகுதிகள் போதுமானவை. வெடிமருந்தின் எடை எதையும் நான் இங்கே தரப்போவதில்லை. அதற்கு வெடிமருந்து நிறுவனங்களும் வார்ப்பச்சு நிறுவனங்களும் வெளியிடும் கையேடுகளையே பின்பற்ற வேண்டும்.

சொற்கள் குழம்பாமல் இருக்க, கீழே காரீயம் என்பது குண்டின் அடிப்படை உலோகத்தையும், வெள்ளீயம் என்பது நம் கிந்தாப் பள்ளத்தாக்கில் தோண்டியெடுத்த உலோகத்தையும் குறிக்கும். குண்டு என்பது குழல்வழியே பறந்து செல்லும் பகுதி மட்டுமே. பித்தளைக் கூடு, வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்ததே தோட்டா.

படிவு எப்படி உண்டாகிறது

வெடிமருந்து எரியும்போது குண்டின் அடிப்பகுதியில் எழும் அழுத்தம் மிகப் பெரியது. அமெரிக்கத் தொழில்தரம் 9 மி.மீ. தோட்டாவுக்கு அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு; .45 ஏசிபி தோட்டாவுக்கு 21,000; .38 ஸ்பெஷலுக்கு 17,000. குண்டுக்கும் பள்ளத்தின் அடிக்கும் நடுவில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி இருந்தாலும், அந்த இடுக்கு வழியாகச் சூடான வாயு பீறிட்டு, குண்டின் ஓரத்தை அரித்து, அரித்த துகள்களைக் குண்டுக்கு முன்னால் குழலின் மேல் தெளிக்கிறது. அடுத்த கணமே அதே குண்டு அத்துகள்களின் மேல் ஏறி அவற்றைக் குழலோடு தேய்த்து ஒட்டுகிறது. அடுத்த குண்டு, ஏற்கெனவே சொரசொரப்பான பரப்பின் மேல் ஓடுவதால், மேலும் காரீயத்தை இழக்கிறது. ஐம்பது சுடுகளுக்குள் துல்லியம் சிதறுவது இப்படித்தான்.

குண்டின் அடிப்பகுதி தீச்சுடரில் உருகிப் படிகிறது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. காரீயம் 327 பாகை செல்சியஸில் உருகும் என்பதும், வாயுவின் வெப்பம் அதைவிடப் பன்மடங்கு என்பதும் உண்மை. ஆனால் குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். சுடப்பட்ட குண்டுகளை மீட்டுப் பார்த்தால், பக்கவாட்டில் அரிப்புக் கோடுகள் உள்ள குண்டின் அடிப்பரப்பிலும் வார்ப்பச்சின் தடங்கள் அப்படியே இருப்பதைக் காணலாம். உருகிய அடிக்கு அந்தத் தடங்கள் மிஞ்சியிருக்க முடியாது.

முதற்படி: படிவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருமுறை உறுதி செய்துகொண்டு, குழலைக் கழற்ற முடிந்தால் கழற்றி, அறைப் பக்கமிருந்து, அதாவது தோட்டா உட்காரும் பின்முனையிலிருந்து, ஒரு சிறிய விளக்கைப் பிடித்துப் பாருங்கள். குழலைத் துடைப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்; துடைத்துவிட்டால் சான்று போய்விடும்.

அறையை அடுத்த முதல் ஓரிரு அங்குலத்தில், பள்ளங்களின் ஓரத்தை ஒட்டிக் கோடு கோடாகவும் தகடு தகடாகவும் படிந்திருந்தால், குண்டு சிறியது என்றே முதலில் ஐயுற வேண்டும். அறைப் பக்கம் சுத்தமாக இருந்து, குழல் வாய்ப் பக்கம் மட்டும் படிந்திருந்தால், மசகு வழியிலேயே தீர்ந்துவிட்டது என்று பொருள். குழல் முழுவதும் ஒரே சீராகப் படிந்திருந்தால், சிறிய குண்டு, சொரசொரப்பான குழல் இரண்டில் ஒன்றோ இரண்டுமோ காரணமாகலாம். ரிவால்வரில் குழலின் உள்வாய்க் கூம்பிலும் அதைச் சுற்றியும் மட்டும் படிந்திருந்தால், தோட்டாக்களை ஏந்திச் சுழலும் உருளையின் அறை குழலோடு நேர்கோட்டில் நிற்கவில்லையா என்று துப்பாக்கித் தொழிலாளியிடம் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட துப்பாக்கி குண்டின் ஒரு பக்கத்தைச் சீவியெடுத்துப் பக்கவாட்டில் தெளிக்கும், அருகில் நிற்பவருக்கும் அது ஆபத்து.

பள்ளங்களுக்கு இடையே உள்ள மேட்டின் மேலும் பள்ளத்திலும் சாம்பல் நிறத்தில் மெல்லிய பூச்சுப்போல் தெரிவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சுடச்சுட அது தடிக்காமல், துல்லியமும் குறையாமல் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். நாம் ஒழிக்க நினைப்பது நகத்தால் நெருடினால் தட்டுப்படும் தகட்டையும், தூரிகையை இழுக்கும்போது பளபளவென்று உதிரும் செதிலையும்தான்.

இரண்டாம் படி: குழலை அளத்தல்

தயாரிப்பாளர் சொல்லும் விட்டம் வழிகாட்டும் எண்ணே தவிர, உங்கள் கையில் இருக்கும் குழலின் அளவு அன்று. 9 மி.மீ. குழலின் பள்ள விட்டம் ஏட்டில் 0.355 அங்குலம், ஆனால் 0.356, 0.357 என்று அளக்கும் குழல்களும் சாதாரணமாகக் கிடைக்கின்றன. அப்படிப்பட்ட குழலில் 0.356 குண்டைச் சுட்டுவிட்டுக் கலவையைத் திட்டுவது நியாயமாகாது.

அளப்பதற்கு வேண்டியது தூய, மென்மையான காரீயத் துண்டு. தூண்டில் கடையில் விற்கும் முட்டை வடிவ ஈயக்கல் இதற்கு மிகப் பொருத்தமானது. பள்ள விட்டத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும்படி அதைத் தட்டித் தடிப்பாக்கிக்கொள்ளுங்கள். குழலை நன்றாகத் துடைத்து, உள்ளே மெல்லிய எண்ணெய் தடவி, துண்டைக் குழல் வாயில் வைத்து மரச் சுத்தியலால் தட்டி உள்ளே இறக்குங்கள். பிறகு குழல் துளைக்குச் சற்றே சிறிய பித்தளைக் கோலாலோ, உறுதியான மரக்கோலாலோ சிறுசிறு தட்டுகளாகத் தட்டி மறுமுனைக்குக் கொண்டுவாருங்கள். எஃகுக் கோல் கூடாது. மெல்லிய மரக்கோலும் கூடாது. அது சாய்வாகப் பிளந்து, துண்டோடு சேர்ந்து குழலுக்குள் ஆப்பாக இறுகிக்கொள்ளும்.

தட்டும்போது கையில் தெரியும் எதிர்ப்பைக் கவனியுங்கள். முழு நீளமும் ஒரே சீராக நகர்ந்தால் குழல் நல்ல குழல். ஓரிடத்தில் திடீரென்று இறுகிப் பிறகு தளர்ந்தால், அங்கே குழல் குறுகியிருக்கிறது. ரிவால்வர்களில் குழலைச் சட்டத்தில் திருகி இறுக்கும் மரைப்பகுதியில் இக்குறுக்கம் அடிக்கடி காணப்படுகிறது. அந்த இடத்தில் நசுங்கிச் சிறுத்த குண்டு, மீதிக் குழலில் தளர்வாக ஓடுவதால், நீங்கள் எவ்வளவு பொருத்தமான குண்டைப் போட்டாலும் படிவு நிற்காது. இதற்குத் தேர்ந்த தொழிலாளி குழலை மெருகேற்றித் தருவதே வழி.

வெளியே வந்த துண்டில் உயர்ந்து நிற்கும் பகுதிகள் குழலின் பள்ளங்களைக் காட்டுகின்றன. எதிரெதிர் உயர்வுகளுக்கு இடையே மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். வெர்னியர் காலிப்பர் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். நமக்கு வேண்டியது ஆயிரத்தில் ஒரு பங்கின் வேறுபாடு, சாதாரணக் காலிப்பரின் பிழையே அந்த அளவுக்கு வந்துவிடும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும் மைக்ரோமீட்டரை வாங்குங்கள், ராட்செட்டைத் திருகியே அளவை எடுங்கள், ஒவ்வொரு முறையும் சுழியைச் சரிபாருங்கள். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ரிவால்வர்களைப் போல் ஐந்து பள்ளங்கள் உள்ள குழலில் உயர்வுக்கு எதிரே உயர்வு அமையாது. அதற்கு வி வடிவத் தாங்கியுள்ள மைக்ரோமீட்டர் தேவை.

பொதுவான விதி இதுதான்: குண்டு, குழலின் பள்ள விட்டத்தைவிட ஆயிரத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கு அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். 0.355 குழலுக்கு 0.356 அல்லது 0.357, 0.451 குழலுக்கு 0.452, 0.357 குழலுக்கு 0.358 என்று கொள்ளலாம். தோட்டா அறைக்குள் தங்குதடையின்றி விழ வேண்டும் என்பது மட்டுமே மேல் எல்லை.

ரிவால்வர் வைத்திருப்பவர்கள் உருளையின் ஒவ்வோர் அறைக்கும் முன்னால் உள்ள தொண்டையையும் அளந்தாக வேண்டும். தொண்டை பள்ள விட்டத்துக்குச் சமமாகவோ சற்றே பெரிதாகவோ இருந்து, குண்டு தொண்டையின் அளவுக்கு இருப்பதே சரி. தொண்டை பள்ளத்தைவிடச் சிறிதாக இருந்தால், பெரிய குண்டைப் போட்டாலும் அது தொண்டையிலேயே சிறுத்து, குழலுக்குள் தளர்வாகத்தான் நுழையும். ஆறு தொண்டைகளும் ஒரே அளவாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஆறையும் தனித்தனியே அளந்து எழுதுங்கள்.

மூன்றாம் படி: கூட்டுக்குள் போன குண்டு எந்த அளவில் இருக்கிறது

பல வழிகாட்டிகளும் விட்டுவிடும் இடம் இது. குண்டை அழுத்தி வேண்டிய விட்டத்துக்குக் கொண்டுவரும் அளவு அச்சிலிருந்து வெளிவந்த குண்டை அளந்து, சரியாக இருக்கிறது என்று மனநிறைவு அடைந்துவிடுகிறோம். ஆனால் குழலுக்குள் போவது கூட்டுக்குள் அழுத்தப்பட்ட பின் இருக்கும் குண்டு.

டெக்சஸில் வாழும் என் அக்காள் மகன் 9 மி.மீ. துப்பாக்கிக்கு வார்ப்புக் குண்டுகளைச் சட்டப்படி நிரப்பிச் சுடுகிறான். அறைப் பக்கம் தகடு தகடாகப் படிந்த குழலின் படத்தை அனுப்பிவிட்டு அழைத்தான்.

“மாமா, குழல் 0.3555. குண்டு 0.357. அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. கலவையை இன்னும் கொஞ்சம் கடினமாக்கட்டுமா?”

“கூட்டுல ஏத்தின குண்டைத் திரும்ப எடுத்து அளந்தியா தம்பி?”

“இல்ல மாமா.”

“பிரைமரும் மருந்தும் இல்லாம வெறுங்கூட்டுல ஒன்னு ஏத்து. பிடுங்கி எடுத்து, அடியை அள.”

அவன் சுத்தியல் வகைப் பிடுங்கியால் குண்டை வெளியே எடுத்து அளந்தபோது, முன்பகுதி 0.357 ஆகவே இருந்தது. கூட்டின் ஆழத்துக்குள் இருந்த அடிப்பகுதி 0.3545க்குச் சிறுத்திருந்தது. 9 மி.மீ. கூடு அடிநோக்கிச் செல்லச் செல்லச் சுவர் தடிக்கும் கூடு. உலோக உறையிட்ட 0.355 குண்டுக்காகச் செய்யப்பட்ட விரிப்பான், கூட்டின் வாயைப் போதிய விட்டத்துக்கும் ஆழத்துக்கும் விரிப்பதில்லை. ஆகவே பித்தளை, மென்மையான வார்ப்புக் குண்டைத் தானே ஓர் அளவு அச்சாக மாறி நசுக்கிவிடுகிறது. வாயுவைத் தடுக்க வேண்டிய அடிப்பகுதியே குழலைவிடச் சிறிதாகிவிட்டால் மற்ற எதுவும் பயன் தராது.

இதற்கான தீர்வு, வார்ப்புக் குண்டுக்கென்று செய்யப்படும் பெரிய, நீண்ட விரிப்பான். குண்டு கூட்டின் வாயில் பக்கத்தைச் சுரண்டாமல் நிமிர்ந்து உட்காரும் அளவுக்கு விரிவு இருக்க வேண்டும். இறுதியில் கொடுக்கும் கிரிம்ப் என்னும் வாயழுத்தம், அந்த விரிவை நீக்கிக் கூட்டின் வாயை நேராக்கினால் போதும். அதற்கு மேல் அழுத்துவது குண்டைத்தான் நசுக்கும். முடிந்த தோட்டாவை மீண்டும் ஒருமுறை கார்பைடு வளையத்தில் அளவுபடுத்தும் கிரிம்ப் அச்சுகள் உண்டு. உலோக உறைக் குண்டுக்கு அவை நல்லவை. பெரிய விட்டமுள்ள வார்ப்புக் குண்டுக்கு அவையே படிவின் காரணமாகிவிடலாம். கூட்டின் பிடி தளர்ந்துவிடக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். குண்டு உள்ளே தள்ளப்பட்டால் 9 மி.மீ. போன்ற சிறிய கூட்டில் அழுத்தம் அபாயகரமாக ஏறும். விரிப்பானை மாற்றிய பின் தோட்டாவை மேசை விளிம்பில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, நீளம் மாறவில்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

விரிப்பானை மட்டும் மாற்றிய பிறகு, அதே கலவையில், அதே மசகில், அவனுடைய குழல் சுத்தமாயிற்று.

நான்காம் படி: கலவையின் கடினத்தன்மை

அளவு சரியான பிறகே இதற்கு வர வேண்டும். உலோகத்தின் கடினத்தன்மையைக் காட்டும் பிரினெல் எண்ணில் தூய காரீயம் ஏறத்தாழ 5. இருபது பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் 10. கார்ச் சக்கரங்களில் கவ்வியிருக்கும் காரீய எடைக்கற்களை உருக்கினால் சுமார் 12. தொண்ணூறு பங்கு காரீயம், ஐந்து பங்கு வெள்ளீயம், ஐந்து பங்கு ஆன்டிமனி சேர்ந்த லைமன் 2ஆம் எண் கலவை 15. அச்சகங்களில் பயன்பட்ட லினோடைப் உலோகம் 22.

பிரினெல் எண்ணை 1,422ஆல் பெருக்கினால், அந்தக் கலவை நெகிழத் தொடங்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்குப் பவுண்டு கணக்கில் தோராயமாகக் கிடைக்கும். எண் 12 உள்ள கலவை ஏறத்தாழ 17,000 பவுண்டில் நெகிழ்ந்து, சற்றே பருத்து, குழலை அடைக்கும். எண் 22 உள்ள லினோடைப் குண்டு நெகிழ 31,000க்கு மேல் வேண்டும்; .38 ஸ்பெஷல் போன்ற மென்மையான தோட்டாவில் அந்த அழுத்தம் எழவே எழாது. குண்டு ஒரு சிறிது சிறியதாக இருந்தால், மென்மையான குண்டாவது பருத்துத் தன் குறையை ஈடு செய்யும். கடினக் குண்டு விறைத்தபடி நிற்க, வாயு அதன் பக்கத்தை அரித்துக்கொண்டே போகும். கடினமாக்கியும் படிவு கூடியது ஏன் என்று திகைப்பவர்களுக்கு இதுவே விடை. 1849இல் பிரெஞ்சுப் படையதிகாரி மினியே உருவாக்கிய குழிவடிக் குண்டும், வாயு அழுத்தத்தால் காரீயம் விரிந்து குழலை அடைக்கும் என்ற இதே இயல்பின்மேல் எழுந்ததுதான்.

அதே கணக்கை 9 மி.மீ. தோட்டாவின் 35,000க்குப் போட்டால் எண் 24க்கு மேல் வேண்டும் என்று வரும். அதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். அளவு சரியாக இருந்தால் 12 முதல் 15 வரை உள்ள கலவை 9 மி.மீ. துப்பாக்கியில் சுத்தமாக ஓடுகிறது; சுற்றிலும் குழல் சுவர் இறுகப் பிடித்திருக்கும் குண்டு நெகிழ்ந்தாலும் போக வேறிடமில்லை. மிக வேகமான மேக்னம் தோட்டாக்களுக்கு மட்டும், அதற்கென வடிவமைத்த குண்டின் அடியில் செப்புக் கிண்ணத்தைப் பொருத்திக்கொள்வது நல்லது.

வெள்ளீயத்தை அளவோடு சேர்க்க வேண்டும். நூற்றுக்கு இரண்டு பங்கு வரை அது உருகிய கலவையின் பரப்பிழுவிசையைக் குறைத்து, அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பச் செய்கிறது. அதற்கு மேல் சேர்ப்பது பெரும்பாலும் பணச்செலவே. டத்தோ கிராமாட் சாலையிலும் பட்டர்வொர்த்திலும் இருந்த உருக்காலைகளால் உலகுக்கே வெள்ளீயம் அனுப்பிய ஊரிலிருந்து இதை எழுதுகிறேன். அந்த உலோகத்தின் அருமை தெரிந்தவர்கள் அதை வீணாக்க மாட்டார்கள். சக்கர எடைக்கற்களில் இப்போது துத்தநாகமும் எஃகும் மிகுதி. துத்தநாகம் 419 பாகையில் உருகும்; பானையை 370 பாகைக்குக் கீழே வைத்தால் அது உருகாமல் மேலே மிதக்கும், அள்ளி எறிந்துவிடலாம். கலந்துவிட்டால் கலவை கூழாகி அச்சு நிரம்பாது.

ஐந்தாம் படி: வார்ப்பில் பார்க்க வேண்டியவை

குண்டின் அடி விளிம்பு கூர்மையாக, குறையின்றி நிரம்பியிருக்க வேண்டும். மூக்கில் உள்ள சுருக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அடி விளிம்பு உருண்டிருந்தாலோ குழி விழுந்திருந்தாலோ அக்குண்டைப் பானைக்கே திருப்பிவிடுங்கள். சுருக்கம் விழுந்தால் அச்சு குளிர்ந்திருக்கிறது, அல்லது எண்ணெய் மிஞ்சியிருக்கிறது. வெண்பனி படர்ந்தது போல் இருந்தால் அச்சு மிகவும் சூடாகிவிட்டது, ஆனால் அக்குண்டுகள் பயன்படும். அச்சின் மேல்தட்டைத் திருப்பி மிகுதி உலோகத்தை அவசரப்பட்டு வெட்டினால் உறையாத உலோகம் அடியிலிருந்து பிய்ந்து வரும்.

அச்சிலிருந்து விழும் குண்டு, வேண்டிய அளவைவிட ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு பெரிதாக இருப்பது விரும்பத்தக்கது. அளவு அச்சு குண்டைச் சிறுக்க வைக்குமே தவிர, சிறிய குண்டைப் பெரிதாக்காது.

ஆறாம் படி: மசகும் பூச்சும்

மசகு, பொருந்தாத குண்டைப் பொருந்த வைக்காது. பொருந்திய குண்டுக்கு அது குழல் முழுவதும் போதுமா என்பதே கேள்வி. தேன்மெழுகையும் அலாக்ஸ் என்ற மசகுப்பொருளையும் சரிபாதி கலந்த பழைய கலவை இன்றும் சிறந்த ஒன்று. கடைகளில் வரும் குண்டுகளில் உள்ள கெட்டியான நீல, சிவப்பு மெழுகு, பெட்டியில் குலுங்கினாலும் உதிராமல் இருப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மெதுவான தோட்டாக்களில் அது உருகாமலேயே குழலை விட்டு வெளியேறிவிடும். சுட்டு முடித்ததும் குழல் வாயைச் சுற்றி நட்சத்திரம் போல் மசகு படர்ந்திருந்தால், கடைசி அங்குலம் வரை அது எட்டியிருக்கிறது என்று அறியலாம்.

பவுடர் பூச்சு அண்மைக் காலத்தில் மசகின் இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்டது. புகை குறைவு, கையில் காரீயம் ஒட்டுவதும் குறைவு என்பதால் நானும் அதையே பரிந்துரைக்கிறேன். குண்டுகளைப் பாலியெஸ்டர் பவுடரோடு நெகிழி டப்பாவில் குலுக்கி, சுமார் 200 பாகை செல்சியஸில் இருபது நிமிடம் சுட்டு எடுத்து, ஆறிய பின் அளவு அச்சில் செலுத்த வேண்டும். சமையலுக்குப் பயன்படும் அடுப்பு இதற்கு ஒருபோதும் கூடாது. வெந்ததா என்று அறிய, ஒரு குண்டைச் சுத்தியலால் தட்டையாகும்வரை அடித்துப் பாருங்கள். பூச்சு காரீயத்தோடு சேர்ந்தே நெளிய வேண்டும், செதிலாக உதிரக் கூடாது. தண்ணீரில் குளிர்வித்துக் கடினமாக்கிய குண்டின் கடினத்தன்மை இந்தச் சூட்டில் போய்விடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கூர்மையான பள்ளங்களுக்குப் பதிலாக உருண்ட பல கோண வடிவச் சுழல்வரி உள்ள குழல்களுக்கு ஓர் எச்சரிக்கை. குளோக் நிறுவனம் தன் கையேட்டில் காரீயக் குண்டுகளைச் சுட வேண்டாம் என்கிறது. அத்தகைய குழலில் படிவு கண்ணுக்கு எளிதில் தெரியாமல் சேர்ந்து அழுத்தத்தை உயர்த்தக்கூடும். வார்ப்புக் குண்டு வேண்டுமென்றால் வழக்கமான வரிக்குழலை வாங்கிப் பொருத்துவதே முறை.

ஏழாம் படி: ஒன்றொன்றாக மாற்றிச் சோதித்தல்

ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் குழலை வெறும் எஃகு தெரியும்வரை துடைக்க வேண்டும். உறைக் குண்டுகள் விட்டுச் சென்ற செம்புப் படிவின் மேல் காரீயம் விரைவாக ஒட்டும். ஆகவே செம்பை முதலில் அதற்கான கரைப்பானால் நீக்குங்கள். பிறகு ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, ஒரு மேகசின் தோட்டாக்களைச் சுட்டு, விளக்கு வைத்துப் பார்த்து, குறிப்பேட்டில் எழுதி, மீண்டும் சுடுங்கள். விட்டத்தையும் மசகையும் கலவையையும் ஒரே நாளில் மாற்றியவர், குழல் சுத்தமானாலும் எது தீர்த்தது என்று அறிய மாட்டார். வெடிமருந்தின் எடையைத் தொட்டால் கையேட்டின் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் உள்ளேயே நில்லுங்கள்.

புதிய குழலில் கருவித் தடங்கள் தெரிந்தால், முதலில் சில நூறு சுடுகள் சுட்டுப் பழக்கிப் பாருங்கள். பெரும்பாலான குழல்கள் தாமே மென்மையாகிவிடும்.

படிந்ததை நீக்குதல்

பழைய வெண்கலத் தூரிகையின் மேல், பாத்திரம் தேய்க்கும் தூய செப்புச் சுருளிலிருந்து சில இழைகளைச் சுற்றி, குழலில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்த பின், முன்னும் பின்னுமாக இழுத்தால், தகடுகள் வெள்ளிச் செதில்களாக உதிர்ந்து வரும். சுருளைக் காந்தத்தால் சோதித்துப் பார்ப்பது கட்டாயம். காந்தம் ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய எஃகு, குழலைக் கீறிவிடும். முடிந்த மட்டும் அறைப் பக்கமிருந்தே கோலைச் செலுத்துங்கள்.

இரண்டு குறுக்குவழிகளை அடியோடு தவிர்க்க வேண்டும். காரீயம் படிந்த குழலில் உறைக் குண்டுகளைச் சுட்டுப் படிவைத் தள்ளிவிடலாம் என்பது ஆபத்தான பழக்கம். படிவால் குறுகிய குழலில் கடினக் குண்டு அழுத்தத்தை ஏற்றும், படிவைக் குழலோடு இன்னும் இறுகத் தேய்க்கும். புளிக்காடியையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊற்றினால் காரீயம் கரைவது உண்மைதான். கரைந்து உண்டாவது காரீய அசிடேட், தோலின் வழியாகவும் உடலுக்குள் செல்லக்கூடிய நஞ்சு. அக்கலவை எஃகையும் அரித்துவிடும். இதைச் செய்வோரை நான் எத்தனை முறை கண்டாலும் தடுக்கவே செய்வேன்.

உடலைக் காத்துக்கொள்ளுதல்

உருக்கும் பானைக்கு அருகில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரக் கூடாது. ஈரமான உலோகக் கட்டி உருகிய காரீயத்தில் அமிழ்ந்தால் நீர் நொடியில் ஆவியாகி, பானையில் உள்ளதெல்லாம் முகத்தில் தெறிக்கும். மழைக்காலத்தில் கொட்டகையில் வார்ப்பவர்கள் கட்டிகளைப் பானையின் விளிம்பில் வைத்துச் சூடேற்றிய பிறகே உள்ளே விட வேண்டும். முகக் காப்பு, தோல் கையுறை, மூடிய காலணி, காற்றோட்டம் நான்கும் வேண்டும்.

சாதாரண வார்ப்பு வெப்பத்தில் காரீயம் ஆவியாவதைவிட, மேலே படியும் ஆக்சைடுத் தூளும், கையில் ஒட்டி வாய்க்குப் போகும் துகளும்தான் பெரிய கேடு. உட்கூடச் சுடுதளங்களில் பிரைமரில் உள்ள காரீயச் சேர்மத்தின் புகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வார்க்கும்போதும் துடைக்கும்போதும் தின்பதும் புகைப்பதும் கூடாது. முடித்ததும் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கைகளைத் தேய்த்துக் கழுவுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளின் இரத்தத்தில் காரீயத்துக்கான எச்சரிக்கை அளவை 2021இல் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. குழந்தைக்குப் பாதுகாப்பான காரீய அளவு என்று எதுவும் இல்லை என்பதே மருத்துவத்தின் நிலை. ஆகவே சுடுதளத்துக்கும் பட்டறைக்கும் போட்ட உடையையும் காலணியையும் வாசலிலேயே கழற்றி, உடையைத் தனியே துவைத்து, குளித்த பின்னரே குழந்தையைத் தூக்குங்கள். அடிக்கடி சுடுபவர்களும் வார்ப்பவர்களும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இரத்தத்தில் காரீய அளவைச் சோதித்து, அந்த எண்ணையும் குழலின் அளவுகளை எழுதி வைத்த அதே குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும்.